அம்மையா, அக்கியா... இல்ல நஞ்சா? குழந்தையோட தோல் திடீர்னு சிவந்தா யோசிக்க வேண்டிய மூணாவது விஷயம்

ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல ஒரு போட்டோ வந்து விழுது. அக்கா பையனோட கழுத்தும் மார்பும். சட்டையைத் தூக்கிப் பிடிச்சு, டியூப்லைட் வெளிச்சத்துல எடுத்தது. "நேத்து காய்ச்சல், இன்னிக்கு உடம்பெல்லாம் தடிச்சிருக்கு. என்னன்னு பாருங்க." அஞ்சே நிமிஷத்துல பதில் குவியும். "அம்மை மாதிரி தெரியுது, தலைக்குத் தண்ணி ஊத்தாதீங்க" - இது பெரியம்மா. "வெயில் காலம், வேர்க்குருதான்" - இது மாமா. ஆயா வாய்ஸ் நோட்ல, "அக்கியா இருக்கும்டி, எழுதிட்டு வந்துடு." காலேஜ் படிக்கிற தம்பி கூகுள்ல தேடி ஒரு போட்டோவை ஃபார்வர்டு பண்ணுவான். அதுல இருக்கிறது வெள்ளைக்காரக் குழந்தை. நம்ம பையனுக்கும் அதுக்கும் சம்பந்தமே இருக்காது.

வில்லியனூர், பாகூர் பக்கம் எந்தக் கிராமத்து வீட்டுலயும் நடக்கக்கூடியதுதான் இது. இதுல யாரும் பெரும்பாலும் சொல்லாத ஒரு பதில் இருக்கு. தோல்ல தெரியுற சிவப்புக்குக் காரணம் தோல்லயே இல்லாம இருக்கலாம். தொண்டையிலயோ, மூக்குலயோ, நாலு நாள் முன்னாடி பட்ட சின்னத் தீக்காயத்துலயோ உட்கார்ந்திருக்கிற ஒரு பாக்டீரியா நஞ்சை உற்பத்தி பண்ணும். அந்த நஞ்சு ரத்தத்துல கலந்து உடம்பு முழுக்கப் போய்ச் சேரும். நாம பார்க்கிறது அந்த நஞ்சு செஞ்ச வேலையை.

இதை முக்கியமா ரெண்டு பாக்டீரியாக்கள் செய்யுது. ஒண்ணு, தொண்டை வலி கொடுக்கிற ஸ்ட்ரெப்டோகாக்கஸ். இன்னொண்ணு, சிரங்கு, சீழ்க்கட்டியெல்லாம் கொடுக்கிற ஸ்டஃபைலோகாக்கஸ். ரெண்டுமே வெளியூர்லருந்து வந்த அதிசயக் கிருமி இல்ல. நம்மள்ல பல பேரோட மூக்குக்குள்ள ஸ்டஃப் சத்தம் போடாம வாழ்ந்துட்டுத்தான் இருக்கு. புதுச்சேரிக் குழந்தைகளுக்கு வர்ற சீழ்ச் சிரங்கை ஆராய்ஞ்சு 1992-லேயே இந்தியத் தோல் மருத்துவ இதழ்ல ஒரு கட்டுரை வந்திருக்கு. சிரங்கு நமக்குப் புதுசில்ல. அதுக்குள்ள இருக்கிற கிருமி சில நேரம் நஞ்சும் தயாரிக்கும்ங்கிறதுதான் வீடுகளுக்குத் தெரியாத சேதி.

ஒரே ஒரு பொய் ஃபார்வர்டு

முதல்ல ஸ்கார்லெட் காய்ச்சல். 5 வயசுலருந்து 15 வயசு வரைக்கும் இருக்கிற பிள்ளைகளுக்குத்தான் அதிகம் வரும். திடீர்னு காய்ச்சல், எச்சில் முழுங்க முடியாத தொண்டை வலி, சில பிள்ளைகளுக்கு வாந்தி, வயித்து வலி. ஒரு நாள், ரெண்டு நாள்ல கழுத்துலயும் மார்புலயும் பொடிப்பொடியா சிவப்பு கிளம்பி, கை கால்னு பரவும். கன்னம் சிவந்திருக்கும், ஆனா வாயைச் சுத்தி மட்டும் வெளுத்துத் தெரியும். நாக்குல முதல்ல வெள்ளைப் படலம். அது உரிஞ்சதும் செக்கச்செவேல்னு, புள்ளி புள்ளியா, ஸ்ட்ராபெர்ரி பழம் மாதிரி ஆகிடும்.

இது எப்படி நடக்குது? நம்ம உடம்புல டி செல்கள்னு ஒரு காவல் படை இருக்கு. ஒரு கிருமி உள்ள வந்தா, அந்தக் கிருமியை அடையாளம் தெரிஞ்ச கொஞ்சம் செல்கள் மட்டும்தான் எழுந்து வேலை செய்யும். பத்தாயிரத்துல ஒண்ணுகூட இருக்காது. மத்ததெல்லாம் சும்மா இருக்கும். அதுதான் ஒழுங்கு. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் விடுற நஞ்சு இந்த ஒழுங்கையே கலைச்சுடும். அடையாளம் பார்க்கிற கட்டத்தைத் தாண்டிக் குதிச்சு, அஞ்சுல ஒரு பங்கு டி செல்கள் வரைக்கும் ஒரே நேரத்துல தட்டி எழுப்பிடும். ஊர்ல ஒரு பொய் ஃபார்வர்டு கிளம்பி, திருடன் யாருன்னே தெரியாம ஆயிரம் பேர் கம்போட தெருவுக்கு வந்து நின்னா எப்படி இருக்கும்? அந்த மாதிரி. திருடனைவிட கூட்டத்தாலதான் சேதம் அதிகம். டாக்டர்கள் இந்த வகை நஞ்சை 'சூப்பர் ஆன்டிஜென்'னு சொல்றாங்க.

இன்னொரு வேடிக்கையும் இருக்கு. இந்த நஞ்சைத் தயாரிக்கிற முக்கியமான ஜீன்கள் பாக்டீரியாவுக்குச் சொந்தமானதே இல்ல. பாக்டீரியாவைத் தாக்குற ஒரு வைரஸ் உள்ள கொண்டுவந்து வெச்சுட்டுப் போனது. அதனாலதான் ஒரே மாதிரி தொண்டை வலி வந்த ரெண்டு பிள்ளைகள்ல ஒருத்தனுக்கு உடம்பு சிவக்கும், இன்னொருத்தனுக்குச் சிவக்காது.

ஸ்கார்லெட் காய்ச்சலுக்குக் காரணம் ஸ்ட்ரெப்டோகாக்கஸ்தான்னு 1923-24ல நிரூபிச்சவங்க சிகாகோவைச் சேர்ந்த ஜார்ஜ் டிக், கிளாடிஸ் டிக் தம்பதி. அவங்க வேலை செஞ்ச ஆய்வு நிலையமே, 1901-ல இந்தக் காய்ச்சல்ல குழந்தையைப் பறிகொடுத்த மெக்கார்மிக்ங்கிற பணக்காரக் குடும்பம் உருவாக்கினது. பணம் இருந்தாலும் அப்போ ஒண்ணும் பண்ண முடியல, பென்சிலின் வரல. இன்னிக்குச் சாதாரண ஆன்டிபயாடிக்லயே இது கேட்கும். ஆனா நோய் ஒழிஞ்சு போயிடல. 2022 கடைசியில பிரிட்டன்லயும் வேற சில ஐரோப்பிய நாடுகள்லயும் திடீர்னு பெருகி, உலக சுகாதார நிறுவனமே எச்சரிக்கை அறிக்கை விட்டுச்சு.

நம்ம நிறத்துல 'ஸ்கார்லெட்' தெரியாது

இங்கதான் கொஞ்சம் நிறுத்தி யோசிக்கணும். ஸ்கார்லெட்னா பளிச்சுன்னு தெரியுற சிவப்பு. பேர் வெச்சவங்க பார்த்தது வெள்ளைத் தோல். பாகூர் வயக்காட்டு வெயில்ல விளையாடிக் கறுத்த பிள்ளைக்கு இது வந்தா சிவப்பு எங்கிருந்து தெரியும்? கொஞ்சம் கருத்த மாதிரி, மங்கலா, இல்லைன்னா நிறமே மாறாத மாதிரிகூட இருக்கும். கூகுள் இமேஜ் காட்டுறதை வெச்சு "அப்படி இல்லையே"ன்னு விட்டுட்டா போச்சு.

அதனால கண்ணை விட்டுட்டு கையை நம்புங்க. பிள்ளையோட வயிறு, மார்புல உள்ளங்கையை வெச்சு மெதுவாத் தடவிப் பாருங்க. பெயின்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி தேய்ப்பாங்களே, அந்த உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு இருந்தா அது முக்கியமான அறிகுறி. அடுத்து முழங்கை மடிப்பு, அக்குள், தொடை இடுக்குல பாருங்க. கோடு கோடா அடர்த்தியா தெரியும். நாக்கை நீட்டச் சொல்லுங்க. நாக்கோட நிறம் பெரும்பாலும் எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான். ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு விரல் நுனி, உள்ளங்கை, உள்ளங்கால்ல தோல் உரியும். அந்த நேரத்துல வந்து, "வைட்டமின் குறைவு"ன்னு டானிக் வாங்கிக் கொடுக்கிறவங்களும் இருக்காங்க.

டாக்டர்கிட்ட போட்டோவை மட்டும் அனுப்பி கேட்கிறதுல இருக்கிற சிக்கலும் இதுதான். சொரசொரப்பு போட்டோவுல விழாது.

வெந்நீர் படாமலே வெந்த தோல்

ஸ்டஃபைலோகாக்கஸ் விடுற நஞ்சு வேற ஜாதி. அது கூட்டத்தைக் கிளப்பாது. கத்தரிக்கோல் எடுத்துட்டு வரும்.

நம்ம தோலோட மேலடுக்குல இருக்கிற செல்களை ஒண்ணோட ஒண்ணு ஒட்டி வெச்சிருக்கிற பசை மாதிரி ஒரு புரதம் இருக்கு. டெஸ்மோக்ளீன்-1னு பேர். ஸ்டஃப் கிருமியில சில வகைகள் விடுற நஞ்சு, இந்த ஒரே ஒரு புரதத்தைத் தேடிப் போய்க் கத்தரிச்சுடும். ஒட்டு விட்டுப்போனா மேல் தோல் என்ன ஆகும்? வெந்நீர் ஊத்தின மாதிரி வழண்டு வரும். அதனாலயே இதுக்கு 'வெந்த தோல் நோய்'ங்கிற அர்த்தத்துல ஸ்டஃபைலோகாக்கல் ஸ்கால்டட் ஸ்கின் சிண்ட்ரோம்னு பேர். பிராகா நகரத்துல ஆதரவற்ற குழந்தைகள் காப்பகத்துல வேலை பார்த்த ரிட்டர்ங்கிற டாக்டர், பச்சைக் குழந்தைகள்கிட்ட இதைப் பார்த்து 1878-லேயே எழுதி வெச்சிருக்கார். நஞ்சுதான் காரணம்னு நிரூபிக்க 1970 ஆச்சு. அது எந்தப் பசையை வெட்டுதுன்னு கண்டுபிடிக்க 2000 ஆச்சு.

பெரும்பாலும் 5 வயசுக்கு உட்பட்ட குழந்தைகள், அதுலயும் பிறந்த குழந்தைகள்தான் இதுல மாட்டும். காரணம் ரெண்டு. இந்த நஞ்சை எதிர்க்கிற ஆன்டிபாடி அந்த வயசுல போதுமானதா இருக்காது. நஞ்சை வடிகட்டி வெளிய தள்ள வேண்டிய சிறுநீரகமும் இன்னும் முழுசா வளர்ந்திருக்காது.

ஆரம்பம் ரொம்ப சாதாரணமா இருக்கும். மூக்கோரத்துல ஒரு சிரங்கு, கண்ணுல பீளை, பச்சைக் குழந்தைன்னா தொப்புள்ல கொஞ்சம் சீழ். அப்புறம் காய்ச்சல், சிணுங்கல். அடுத்து வர்ற அறிகுறியைத்தான் அம்மாக்கள் முதல்ல கவனிப்பாங்க: தூக்கினா குழந்தை வீல்னு கத்தும். வழக்கமா தூக்கினா அழுகை நிக்கணும், இங்க தொட்டாலே அழும். தோல் அவ்வளவு வலிக்குது. கழுத்து, அக்குள், தொடை இடுக்குல சிவப்பு வரும். வாயைச் சுத்தி வெடிப்பு வெடிப்பா பொருக்குத் தட்டும். ஒண்ணு ரெண்டு நாள்ல தோல் சுருங்கி, தளதளன்னு கொப்புளம் போட்டு, லேசா விரல் பட்டாலே நனைஞ்ச டிஷ்யூ பேப்பர் மாதிரி உரிஞ்சு வந்துடும்.

பார்க்கிறவங்களுக்கு ஈரக்குலை நடுங்கும். ஆனா இதுல ஒரு நிம்மதியான விஷயமும் ஒளிஞ்சிருக்கு. அந்தக் கத்தரிக்கோல் வெட்டுறது மேலாக்க இருக்கிற அடுக்கை மட்டும்தான். அதனால சரியான நேரத்துல ஆஸ்பத்திரியில சேர்த்து, ஊசி வழியா ஆன்டிபயாடிக், உடம்புல நீர்ச்சத்து குறையாம திரவம், வலிக்கு மருந்துன்னு கொடுத்தா பெரும்பாலான குழந்தைகளுக்கு ரெண்டு வாரத்துக்குள்ள தோல் திரும்ப வந்துடும், பொதுவா தழும்புகூட இருக்காது. வீட்டுல வெச்சிருந்தா? தோல் ஒரு மூடி மாதிரி. மூடி போன பாத்திரத்துலருந்து தண்ணியும் சூடும் போய்க்கிட்டே இருக்கும், வேற கிருமியும் உள்ள வரும். உயிருக்கு ஆபத்து அங்கருந்துதான் வருது.

டாக்டர்கள் வாய்க்குள்ளயும் பார்ப்பாங்க. வாய், கண், பிறப்புறுப்புன்னு உள்தோலும் சேர்ந்து புண்ணாகியிருந்தா அது பெரும்பாலும் இந்த நோய் இல்ல. ஏதாவது மாத்திரையால வந்த கடுமையான அலர்ஜியா இருக்கலாம். அதுக்கு வைத்தியமே வேற. போகும்போது சமீபத்துல கொடுத்த மருந்து அட்டையெல்லாம் கையோட எடுத்துட்டுப் போகணும்னு சொல்றது இதுக்காகத்தான்.

சின்னத் தீக்காயம்னு நினைச்சது

சுடுகஞ்சி கொட்டிடுச்சு, தீபாவளி மத்தாப்புக் கம்பியை மிதிச்சுட்டான். உள்ளங்கை அளவுதான் காயம். டூத்பேஸ்ட் தடவியாச்சு (தடவக் கூடாது, ஓடுற தண்ணியில 20 நிமிஷம் காட்டணும், அவ்வளவுதான்). ரெண்டு, மூணு நாள்ல காயம் பார்க்க நல்லாவே இருக்கு. ஆனா பிள்ளைக்குத் திடீர்னு கடும் காய்ச்சல், உடம்பு முழுக்க வெயில்ல வாடின மாதிரி சிவப்பு, வாந்தி, பேதி, துவண்டு போறது. காயம் நல்லா இருக்கேன்னு வேற காரணம் தேடக் கூடாது. டாக்ஸிக் ஷாக்னு ஒரு நிலைமை இது. ஸ்டஃப், ஸ்ட்ரெப் ரெண்டுமே இதைக் கொண்டுவரும். 1978-ல ஜேம்ஸ் டாட்ங்கிற டாக்டர் இதுக்குப் பேர் வெச்சப்போ அவர் சொன்ன 7 நோயாளிகளும் 8 வயசுலருந்து 17 வயசு வரைக்கும் உள்ளவங்க. ரத்த அழுத்தம் மணிக்கணக்குல சரியும். காலையில பார்த்துக்கலாம்ங்கிறதுக்கு இங்க இடமே இல்ல. 108-ஐக் கூப்பிடுங்க.

அக்கி, அம்மை, அப்புறம் மெடிக்கல் ஷாப்

சுடுமண் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு வாங்கின ஊரு வில்லியனூர். மண்பாண்டம் செய்யற வீடுகள்ல காவி குழைச்சு அக்கி எழுதுற பழக்கம் நம்ம பக்கத்து ஆயாக்களுக்கெல்லாம் நல்லாத் தெரியும். உண்மையான அக்கின்னா, சின்னம்மை வைரஸ் நரம்புல ஒளிஞ்சிருந்து திரும்ப எழும்பறது. உடம்போட ஒரு பக்கமா பட்டையா கொப்புளம் வரும், ரெண்டு மூணு வாரத்துல பெரும்பாலும் தானா அடங்கும். எழுதினதும் சரியாச்சுன்னு நம்பிக்கை வர்றதுல ஆச்சர்யம் இல்ல. பிரச்னை, எல்லாக் கொப்புளத்தையும் அக்கின்னு கூப்பிடுறதுல இருக்கு. தேன் காய்ஞ்ச மாதிரி பொருக்குத் தட்டின சிரங்கையும், உரிஞ்சு வர்ற தோலையும் அக்கின்னு நினைச்சு, தோல் போன இடத்துல காவியைப் பூசினா எரிச்சல், புதுத் தொற்று, அதைவிட முக்கியமா ரெண்டு நாள் வீண்.

அம்மையும் அதே கதைதான். வேப்பிலை கட்டி, பிள்ளையைத் தனியாப் படுக்க வெச்சு, இளநீரும் மோரும் கொடுத்து, விருந்தாளியைத் தள்ளி நிறுத்தறது எனக்குத் தப்பாவே தெரியல. ஓய்வு, நீர்ச்சத்து, தனிமைன்னு டாக்டரும் அதையேதான் சொல்லுவார். "ஆத்தா வந்திருக்கா, ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது"ங்கிற ஒரு வரியை மட்டும்தான் விடச் சொல்றேன். பெரியம்மை 1980-ல உலகத்தை விட்டே போயிடுச்சு. இப்போ அம்மைன்னு நாம சொல்றது சின்னம்மையா இருக்கலாம், தட்டம்மையா இருக்கலாம். சின்னம்மைன்னா நீர் கோத்த முத்து முத்தா வரும். தட்டம்மைன்னா இருமல், மூக்கொழுகல், கண் சிவப்போட ஆரம்பிச்சு, காதுக்குப் பின்னாடி, முகத்துலருந்து தடிப்பு இறங்கும். சின்னம்மை முத்தைச் சொறிஞ்ச இடத்துல ஸ்ட்ரெப்பும் ஸ்டஃப்பும் நுழையறது ரொம்பச் சாதாரணம். அம்மை இறங்குற நேரத்துல காய்ச்சல் மறுபடி ஏறினா, அது ஆத்தா கோபம் இல்ல, பாக்டீரியா. ரெண்டையும் சேர்த்தே பார்க்கலாம், கோயிலுக்கு ஒருத்தர் போகட்டும், குழந்தையோட ஒருத்தர் டாக்டர்கிட்ட போகட்டும்.

இதையெல்லாம் விட எனக்குக் கோபம் வர்ற இடம் மெடிக்கல் ஷாப் கவுன்டர். "பிள்ளைக்குத் தோல்ல அரிப்பு"ன்னு சொன்னதும் ஸ்டீராய்டு கலந்த ஆயின்மென்ட் ஒண்ணு கைக்கு வரும். தடவினதும் சிவப்பு அடங்கும், உள்ள கிருமி ஜாலியா வளரும். இல்லைன்னா ஆன்டிபயாடிக் மாத்திரை நாலு மட்டும் கிழிச்சுக் கொடுப்பாங்க. ஸ்கார்லெட் காய்ச்சலுக்கு வாய்வழி பென்சிலின் வகை மருந்துன்னா வழக்கமா 10 நாள். ரெண்டாம் நாளே பிள்ளை ஓடி விளையாடும், அப்பவும் மிச்சத்தைக் கொடுத்து முடிக்கணும். மருந்து ஆரம்பிச்சு 24 மணி நேரம் ஆகி, காய்ச்சலும் விட்டுட்டா, பொதுவா ஸ்கூலுக்கு அனுப்பலாம்.

எங்க போறது?

காய்ச்சலோட தடிப்பு, பிள்ளை ஓரளவு சுறுசுறுப்பா இருக்குன்னா முதல்ல பக்கத்துல இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையம் போதும். வில்லியனூர்லயும் இருக்கு, பாகூர்லயும் இருக்கு. ராமநாதபுரத்துல ஜிப்மரோட கிராமப்புற சுகாதார மையமே இருக்கு. கரிக்கலாம்பாக்கத்துல சமுதாய நலவழி மையம். தொண்டையைப் பார்த்து, தோலைத் தொட்டுப் பார்த்தாலே பாதி தெரிஞ்சுடும்.

ஆனா தோல் உரிய ஆரம்பிச்சுடுச்சு, தொட்டா கத்துது, மூணு மாசத்துக்குள்ள இருக்கிற குழந்தைக்குக் காய்ச்சல், துவண்டு தூங்கிட்டே இருக்கு, ஆறு மணி நேரமா ஒண்ணுக்குப் போகலன்னா நடுவுல எங்கயும் நிக்காம எல்லைப்பிள்ளைச்சாவடி அரசு மகளிர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ, கோரிமேடு ஜிப்மருக்கோ போயிடுங்க. இன்னொண்ணு: கண்ணாடி டம்ளரைத் தடிப்பு மேல வெச்சு அழுத்திப் பாருங்க. வழக்கமான தடிப்புன்னா அழுத்தத்துல மறையும். மறையாம ஊதாப் புள்ளியாவே நின்னா, உள்ள ரத்தம் கசியுதுன்னு அர்த்தம். டெங்குவா இருக்கலாம், மூளைக்காய்ச்சல் கிருமியா இருக்கலாம், அதுவும் எமர்ஜென்சிதான். நம்ம பக்கம் உண்ணிக் காய்ச்சலும் உண்டு, அக்குள், இடுப்பு மடிப்புல சிகரெட் சுட்ட மாதிரி கறுப்புப் பொருக்கு இருக்கான்னும் தேடுங்க. அஞ்சு நாளுக்கு மேல காய்ச்சல் விடாம, கண்ணும் உதடும் நாக்கும் சிவந்து, விரல் நுனி உரிஞ்சா கவாசாகின்னு ஒரு நோயையும் டாக்டர் யோசிப்பார். பார்க்க ஸ்கார்லெட் மாதிரியே இருக்கும். ஆனா அது இதய ரத்தக் குழாயைப் பாதிக்கும், ஆன்டிபயாடிக்குக் கேட்காது.

தடிப்பு போன பிறகு

தோல் பழையபடி ஆனதும் எல்லாரும் மறந்துடுவோம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மறக்காது. தொண்டையில வந்த ஸ்ட்ரெப்பை முழுசா வைத்தியம் பண்ணாம விட்டா, ரெண்டு மூணு வாரம் கழிச்சு முட்டி, கணுக்கால்னு மாறி மாறி வீங்கி, சில பிள்ளைகளுக்கு இதய வால்வு பழுதாகிடும். ருமாட்டிக் காய்ச்சல்னு பேர். இருபது, இருபத்தஞ்சு வயசுல, முதல் பிரசவ நேரத்துல மூச்சு வாங்கி ஆஸ்பத்திரிக்கு வர்ற பெண்கள்ல சிலரோட கதை, சின்ன வயசுல கவனிக்காம விட்ட ஒரு தொண்டை வலியில ஆரம்பிச்சது. தொண்டை வலி வந்து 9 நாளுக்குள்ள பென்சிலின் ஆரம்பிச்சாக்கூட இதைத் தடுத்துட முடியும். அதனால ஒரு நாள் ரெண்டு நாள் லேட் ஆச்சேன்னு விட்டுடாம போய்க் காட்டலாம்.

சிரங்குக்கு வேற கணக்கு. தோல்ல வந்த ஸ்ட்ரெப், ஆறின பிறகும் சிறுநீரகத்தைத் தாக்கலாம். சிரங்கு வந்து சுமார் மூணு வாரத்துல காலையில பிள்ளை எழுந்திரிக்கும்போது முகமும் கண்ணும் உப்பியிருக்கா, சிறுநீர் கட்டஞ்சாயா மாதிரியோ கோலா நிறத்துலயோ போகுதான்னு பாருங்க. அப்படிப் போனா அன்னிக்கே ரத்த அழுத்தமும் சிறுநீரும் பரிசோதிக்கணும். வீட்டுல ஒருத்தருக்குச் சொறி இருந்தா எல்லாருக்கும் ஒரே நாள்ல மருந்து போட்டு, படுக்கை விரிப்பு, துண்டையெல்லாம் வெந்நீர்ல துவைச்சு வெயில்ல காயப்போடணும். சொறிஞ்ச புண்தான் இந்தக் கிருமிகளுக்கு வாசக்கதவு. பிள்ளைகளோட நகத்தை ஞாயித்துக்கிழமைக்கு ஒரு தடவை ஒட்ட வெட்டி விடறது, கவுன்டர்ல வாங்குற எந்த ஆயின்மென்ட்டையும்விட அதிகமா வேலை செய்யும்.